ஆடி அமாவாசையில் ஒரு சான்டர்

போன யூலை மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, லுசேர்ணிலிருந்து ரைன்ஃபெல்டனுக்கு மீன் பிடிக்கப் போனோம். போனோம் என்று எழுதினாலும் தூண்டில் போட்டவர் என் கணவர் சிவா மட்டும்தான். நான் கரையில் நின்றேன், நடந்தேன், வாங்கில் உட்கார்ந்தேன், திரும்பவும் எழும்பி நடந்தேன். சுவிஸ் ஆறுகளில் சான்டர் பிடிக்கப் போக நினைக்கும் தமிழர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். இந்த மீனைப் பற்றித் தமிழில் தேடினால் ஒரு சமையல் குறிப்புக்கூட அகப்படுவதில்லை.

சான்டர் நன்னீரில் வாழும் வேட்டை மீன். முதுகில் முள்விசிறி, வாயின் முன்பக்கத்தில் நாய்ப்பல் போல நீண்ட பற்கள், வெளிச்சம் பட்டால் மின்னும் பெரிய கண். கனடாவில் இருப்பவர்களுக்கு வோல்ஐ, சோகர் என்றால் உடனே விளங்கும். சான்டர் அவற்றின் ஐரோப்பிய உறவு. என் கணவரின் தம்பி ரவி ஒட்டாவா ஆற்றில் அந்த இரண்டையும் பிடிக்கிறவர். சனிக்கிழமைகளில் குடும்பக் குழுவுக்கு அவர் பிடித்த வோல்ஐயின் படம் வரும். கூடவே ஒரு குரல்செய்தி: "அண்ணை, உங்கட சான்டர் எங்கட வோல்ஐக்குப் பெரியப்பா மகன் முறை. ஆனா பெரியப்பா மகனை ஒருத்தரும் இன்னும் நேரில கண்டதில்லை." இவர் உடனே பதில் படம் அனுப்புவார். பத்து வருடமாக ரைன், ஆரே ஆறுகளில் தனியாகப் போய்ப் பிடித்தவர். பெப்ரவரியோடு அது நின்றது.

பெப்ரவரியில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. சிறியது என்றார்கள். பேச்சுக்கும் நடைக்கும் ஒன்றுமில்லை. வலது கையில் பிடி போய்விட்டது. விரல்கள் மடியும், ஆனால் ஒரு கோப்பையைத் தூக்கினால் தேநீர் தளும்பும். இவர் வேலை கணினியில் கட்டட வரைபடம் வரைவது. அதற்கு இடக்கைச் சுட்டியோடு ஒரு வழி செய்து, அரை நேரமாகத் திரும்பிவிட்டார். ஆற்றுக்குத்தான் நானும் மகளும் விடவில்லை. ரைன் கோடையிலும் இழுத்துக்கொண்டு ஓடும் ஆறு. கரைக் கல் வழுக்கும். ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் வலையும் பிடிக்க வேண்டும். பிறகு அந்த மீனைக் கொல்லவும் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் வெளிநாட்டு வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். கனடாவில் ரவி பிடித்து, படமெடுத்து, பாதி மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார். சுவிஸில் விடுவதற்காகவே மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம். சாப்பிடும் எண்ணம் இருந்தால் மட்டும் தூண்டில் போடலாம். வைத்துக்கொள்ளும் மீனை அந்த இடத்திலேயே, உடனே, தலையில் ஒரே அடியாக அடித்து மயக்கி, செவுளை வெட்ட வேண்டும். நீண்டகால அனுமதி எடுக்க விரும்புபவர்கள் 2009 முதல் இதற்கென்று ஒரு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, அட்டை வாங்க வேண்டும். இவருடைய பணப்பையில் அந்த அட்டை இருக்கிறது. மீனை இரண்டு மூன்று தரம் அடித்து வதைக்கும் ஆளுக்கு அந்த அட்டைக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. இவருக்கும் அதே கருத்துத்தான்.

அதனால் யூன் மாதம் சமையலறையில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். ஒருதரம் நான் கூட வருவேன். எறிவதிலிருந்து கொல்வது வரை எல்லாவற்றையும் இவர் தானே செய்து காட்ட வேண்டும். நான் விரல் வைக்க மாட்டேன்.

"செய்து காட்டினா?" என்று கேட்டார்.

"பிறகு நீங்கள் தனிய போகலாம். நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

"செய்யேலாட்டி?"

"அட்டையைத் தாங்கோ."

ஓம் என்றார். போகும் நாளை இவரே தெரிவு செய்தார். நான் குடிநீர் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வியாழக்கிழமை விடுப்பு எடுப்பது லேசு, எனவே நாளைப் பற்றி யோசிக்கவில்லை.

யூலை முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. இவரும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரித் தட்டு திருத்தப் போகிறேன் என்று நிலவறைக்குப் போய்விடுவார். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படிக்கட்டில் என்னை மறித்து, ஞாயிறில் சுத்தியல் சத்தம் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். பதினெட்டு வருடம் அந்தக் கட்டடத்தில் இருக்கிறோம், எங்களைப் பற்றி வந்த முதல் முறைப்பாடு அது. இவரிடம் சொன்னேன். சத்தத்தைக் குறைக்கிறேன் என்றார். அலுமாரித் தட்டு அப்படியேதான் இருந்தது.

இனிப் பயணம். லுசேர்ணிலிருந்து பாசலுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். பாசலில் மாறி ரைன்ஃபெல்டனுக்கு இன்னும் கால் மணித்தியாலம். அரைக்கட்டண அட்டையுடன் ஒருவழிக்கு ஏறக்குறைய பதினெட்டு பிராங். முன்கூட்டியே நாள் பயணச்சீட்டு எடுத்தால் மலிவாக முடியும், நாங்கள் எடுக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன்னர் புறப்பட்டோம். சான்டர் பகலில் ஆழத்தில் கிடக்கும் மீன். வெளிச்சம் மங்கத் தொடங்கும்போதுதான் இரை தேடிக் கரைப்பக்கம் வரும். காலையில் போய் நாள் முழுக்க வெயிலில் காய்வதில் பயனில்லை.

ரயிலில் நான் செய்துகொண்டு போன முட்டை சாண்ட்விச்சை நீட்டினேன். வேண்டாம் என்றார். காலையிலும் வெறும் தேநீர்தான் குடித்திருந்தார். மதியம் நான் சமைக்கவில்லை, இருவரும் வெளிக்கிடும் அவசரம். ஓல்டன் தாண்டியதும் திரும்பவும் நீட்டினேன். பசியில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். மருந்து எடுக்கும் ஆள் வெறும் வயிற்றில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பயப்படுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சை நாளில் சாப்பிட முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே.

ரைன்ஃபெல்டன் சின்ன ஊர். நிலையத்தில் இறங்கியவுடன் கோட்டை போலக் கட்டிய ஒரு பியர்த் தொழிற்சாலை கண்ணில் படும். அதைக் கோட்டை என்று நினைத்துப் படமெடுப்பவர்கள் உண்டு. உண்மையான கோட்டை இருந்த இடம் ஆற்றின் நடுவிலுள்ள தீவு. பழைய தெருக்கள் வழியாகப் பத்து நிமிடம் இறங்கினால் கல்பாலம் வரும். பாலத்தின் அந்தப் பக்கம் யேர்மனி, அங்கேயும் ஊரின் பெயர் ரைன்ஃபெல்டன்தான். தூண்டிலோடு பாலம் தாண்ட வேண்டாம், உங்கள் அனுமதி அந்தக் கரையில் செல்லாது. தீவுக்குப் பக்கத்தில் ஆறு ஒரு பெரிய குழிக்குள் இறங்கிச் சுழல்கிறது. முப்பது மீற்றர் ஆழம் என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். அளந்து பார்த்தீர்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

நாங்கள் அந்தச் சுழலுக்குப் போகவில்லை. படகுத்துறையைத் தாண்டிக் கரைப்பாதையில் இருபது நிமிடம் நடந்தோம். அங்கே ஒரு பழைய கல்சுவர் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்து வட்டம் போடும். அந்த வட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையிலுள்ள ஓரத்தில்தான் சான்டர் நிற்கும் என்று இவர் சொல்வார். பக்கத்தில் ஒரு வாங்கும், கொஞ்சம் தள்ளி ஒரு கழிப்பறையும் இருக்கின்றன. பெண்களுக்கு இரண்டாவது தகவல் முக்கியம்.

ஆறு மணி வரை ஆற்றில் மீனைவிட மனிதர்கள்தான் அதிகம். இங்கே கோடையில் உடுப்புகளை ஒரு நீர்புகாப் பைக்குள் போட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீரோட்டத்தோடு மிதந்து போவார்கள். ஒரு கூட்டம் எங்கள் சுவருக்கு முன்னால் மிதந்துபோகும்போது ஒரு பெண் இவரைப் பார்த்து ஏதாவது கடிக்கிறதா என்று கத்திக் கேட்டாள். இவ்வளவு நேரமும் நீங்கள் மட்டும்தான் வந்தீர்கள் என்று இவர் திரும்பக் கத்தினார். அன்றைக்கு இவர் சிரித்தது அப்போதுதான்.

எறிவது நன்றாகவே போனது. இவர் பாவிப்பது இறப்பர் மீன், ஈயத் தலை வைத்தது. உயிர் மீனை இரையாகப் போட இங்கே விடமாட்டார்கள். அதை அடியில் விழவிட்டு, துள்ளித் துள்ளி இழுக்க வேண்டும். முன்பு வலது கையால் எறிந்தவர் இப்போது தூண்டில் கம்பின் அடியை வலது அக்குளில் இறுக்கி, இடது கையால் சுழற்றி எறிந்தார். தூரம் குறைவு, ஆனால் நினைத்த இடத்தில் விழுந்தது. நான் மனதுக்குள் ஒரு புள்ளி போட்டேன். அதன் பிறகு ஒரு கல்லில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தப் புள்ளியை அழித்தேன். இப்படி ஒரு மணித்தியாலம் போட்டு அழித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நடந்தால் இவரைப் பார்க்க முடியவில்லை என்று திரும்பினேன். வாங்குக்கும் சுவருக்கும் இடையில் நான் நடந்ததில் புல் படுத்துவிட்டது.

ஏழு மணிபோல், ரெனான் ஊரில் இருக்கும் என் அக்காவின் குரல்செய்தி வந்தது. என்னைப் போலில்லாமல் அக்கா நாட்காட்டியோடு வாழ்பவள். "இண்டைக்கு ஆடி அமாவாசை எல்லோ. சிவா தர்ப்பணம் குடுக்கக் கோயிலுக்குப் போனவரோ? அந்தக் கையோட கஷ்டப்பட்டிருப்பார், பாவம்."

நான் அந்தச் செய்தியை இரண்டாம் தரம் கேட்டேன்.

எனக்கு விரதங்களில் நம்பிக்கை இல்லை. இவர் அப்படி இல்லை. தகப்பன் போன நாளிலிருந்து ஓர் ஆடி அமாவாசையும் விட்டதில்லை. கோயிலுக்குப் போய், எள்ளும் தண்ணீரும் விட்டு, வந்து மரக்கறிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் அந்த நாள் இவருக்கு முடியும். நான் அதைப் பற்றிப் பேசுவதில்லை, மரக்கறி சமைத்துக் கொடுப்பேன். எந்த நாள் என்று ஒவ்வொரு வருடமும் இவர்தான் எனக்குச் சொல்வார். இந்த வருடம் சொல்லவில்லை. இதோ அதே நாளில் தூண்டிலோடு நிற்கிறார். நான் முட்டை சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கையைப் பற்றி டொக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம். நினைவைப் பற்றியும் கொஞ்சம் கவனியுங்கள் என்று அவர் கடைசியாக, கதவடியில் வைத்துச் சொன்னதும் பாடம். பிடியில்லாத ஆளை ஆற்றுக்கு அனுப்பலாமா என்பது ஒரு கேள்வி. இந்த நாளை மறக்கக்கூடிய ஆளை அனுப்பலாமா என்று கேட்டால் பதில் ஒன்றுதான். மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் அட்டையை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். இன்னும் பத்துத் தரம் நடந்தேன்.

அந்த நேரத்தில் மீன்பிடிக் கண்காணிப்பாளர் வந்தார். சைக்கிளில், கழுத்தில் தூரநோக்கியோடு, அறுபது வயது மதிக்கத்தக்க ஆள். இவருடைய அனுமதியையும் அட்டையையும் பார்த்தார், கொக்கியில் எதிர்முள் இல்லை என்பதை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு என் பக்கம் திரும்பி, சான்டரை எப்படிச் சமைப்பீர்கள், வெண்ணெயிலா என்று கதைக்காகக் கேட்டார். நான் உள்ளதைச் சொல்லும் ஆள். அதோடு, இவர் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கவும் வேண்டியிருந்தது. இன்றைக்கு எங்களுக்கு மீன் சாப்பிடக்கூடாத விரத நாள் என்று சொன்னேன்.

கண்காணிப்பாளரின் முகம் மாறியது. அப்படியென்றால் பிடித்து விடப்போகிறீர்களா, அது இங்கே அனுமதி இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். குரல் உயரவில்லை. சைக்கிளை மட்டும் மரத்தில் சாத்தினார்.

இவர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாளைக்குச் சாப்பிடுவோம் என்று ஒரு சொல்லும் தடுமாறாமல் சொன்னார். இன்று தகப்பனுக்கான விரதம், நாளைக் காலையோடு முடிகிறது, அதுவரை மீன் வீட்டுக்குள் வராது, பால்கனியில் ஐஸ் பெட்டியில் இருக்கும். இவ்வளவையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னார். கண்காணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை என்றார். ஆனாலும் போகவில்லை. வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்து தன் தேநீர்க் குடுவையைத் திறந்தார்.

நான் சுவரடிக்குப் போனேன்.

"நாள் தெரியுமோ உங்களுக்கு?"

"காலையிலையிருந்து ஒண்டும் சாப்பிடாமல் நிக்கிறன். நாள் தெரியாமலோ?"

"பிறகேன் கோயிலுக்குப் போகேல்லை?"

இவர் நூலைச் சுற்றி எடுத்தார். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினார். அது எப்போதும்போல் மெல்ல ஆடியது.

"இந்தக் கையாலதானே தண்ணி விடவேணும். ஐயர் தர்ப்பையைப் போட்டுவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிப்பார். பின்னால நாப்பது பேர் பாத்துக்கொண்டு நிப்பினம். எள்ளு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். பிறகு ஒவ்வொருத்தரும் வந்து, இப்ப எப்பிடி சிவா எண்டு கையைப் பிடிச்சுப் பாப்பினம். எனக்கு ஏலாது, வாணி."

விரத நாளில் மீன் பிடிக்கலாமோ என்று கேட்டேன்.

"சாப்பிடக்கூடாது எண்டுதான் இருக்கு. பிடிக்கக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நல்ல சட்டம்."

"அந்தாள் ஒத்துக்கொண்டிட்டார். நீர்தான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. அதோட, நீர் ஏன் அவருக்குப் போய் அதைச் சொன்னனீர்? இப்ப ரெண்டு பேர் நிண்டு மார்க் போடுறியள்."

அது உண்மைதான். எனக்கு இப்போது வேறொரு பதற்றம் பிடித்துக்கொண்டது. இனி இவர் கையில் மீன் வதைபட்டால், அதைப் பார்ப்பது நான் மட்டுமில்லை. எனக்கு அனுமதிச் சீட்டு இல்லை. வேண்டுமென்றே நான் எடுக்கவில்லை, உதவிசெய்ய மனம் இழுக்கும் என்று தெரிந்துதான். கண்காணிப்பாளர் எட்ட இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மீன் கடிக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கடிக்காவிட்டால் இந்த நாள் திரும்பவும் ஒருதரம் வரும் என்பதையும் நினைத்தேன். இரண்டும் தாங்காது.

ஒன்பது மணி தாண்டியது. வெயில் யேர்மன் பக்கத்துக் கூரைகளில் மட்டும் நின்று, பிறகு அங்கேயும் போனது. மிதப்பவர்கள் ஒருவரும் இல்லை. ஆற்றின் சத்தம் கூடியது போல இருந்தது. இவர் சுவரின் ஓரத்தை விட்டு இரண்டடி பின்வாங்கி, தூரம் எறியாமல் கிட்ட எறியத் தொடங்கினார். மூன்றாவதோ நாலாவதோ எறியலில் கம்பின் நுனி ஒருதரம் துடித்தது. யாரோ கதவைச் சுண்டியது போல. இவர் முழு உடம்போடு பின்னால் சாய்ந்தார்.

சான்டர் பெரிய சண்டைக்காரன் இல்லை என்று வாசித்திருந்தேன். அடியோடு ஒட்டிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டும். கம்பு அக்குளில், வலது முழங்கை அதன்மேல் அழுத்தியபடி, இடது கை சுற்றியது. இரண்டு தரம் நூல் ஓடிப் போக விட்டுக்கொடுத்தார். மீன் கரைக்கு வந்ததும் முழந்தாளிட்டு, கம்பைத் தோளில் சாத்திவிட்டு இடது கையால் வலையைத் தண்ணீருக்குள் இறக்கினார். முதல் தரம் மீன் வலையைத் தாண்டிப் போனது. நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாம் தரம் உள்ளே வந்தது.

நல்ல மீன். பச்சை கலந்த சாம்பல் நிறம், பக்கத்தில் மங்கலான பட்டிகள், விசிறியை முழுக்க விரித்துக்கொண்டு கிடந்தது. கண்காணிப்பாளர் எழும்பி வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். இவர் ஈரத் துணியை விரித்து மீனை அதில் கிடத்தினார். பிடியில்லாத வலது கையின் முன்பகுதியை அப்படியே மீனின் மேல் வைத்து, பாரத்தால் அழுத்தினார். இடது கையால் இடுப்பிலிருந்து அந்தச் சின்னத் தடியை எடுத்தார்.

டொக்.

கண்ணுக்குச் சற்று மேலே, ஒரே அடி. விசிறி ஒருதரம் நிமிர்ந்து நடுங்கிப் படிந்தது. இரண்டாவது அடிக்கு வேலை இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நிலவறையிலிருந்து வந்த சத்தம் அதுதான்.

இவர் கத்தியையும் இடது கையால் எடுத்துச் செவுளை வெட்டினார். கண்காணிப்பாளர் குனிந்து பார்த்து, சுத்தமான வேலை என்றார். மீனை அளந்து ஐம்பத்து நாலு சென்ரிமீற்றர் என்று அவரே சொன்னார். எனக்கு வெண்ணெயும் கொஞ்சம் எலுமிச்சையும் போதும் என்று சொல்லிவிட்டு, விரத நாளுக்கு வணக்கம் சொல்வது எப்படி என்று தெரியாததாலோ என்னவோ, தொப்பியைத் தொட்டுவிட்டுச் சைக்கிளில் போனார்.

இவர் கை கழுவ ஆற்றில் இறங்கினார். முழங்கால் வரைக்கும்தான், கல்லைப் பார்த்துப் பார்த்து. இடது கையை வலதால் தேய்த்து, இரத்தம் போகக் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் ஏறிவரவில்லை. கிழக்கும் மேற்கும் பார்த்துவிட்டுத் தெற்குப் பக்கம் திரும்பி நின்றார். வலது கையால் தண்ணீரை அள்ளினார். கை ஆடியது, தண்ணீர் பாதி விரலிடுக்கால் போய்விட்டது. மிச்சத்தைப் பெருவிரல் பக்கமாகச் சரித்து விட்டார். திரும்ப அள்ளினார். மூன்றாம் தரம் அள்ளும்போது நான் மீன் பெட்டியின் மூடியைச் சரிசெய்யத் தொடங்கினேன். அந்த மூடியில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

நாங்கள் நிலையத்துக்கு நடந்தோம். பாசலில் ரயில் மாறும்போது, "பசிக்குது" என்றார். தர்ப்பணம் கொடுக்காமல் இந்த நாளில் இவர் சாப்பிட்டதில்லை. நான் ஒன்றும் கேட்காமல் போய், வெண்ணெய் தடவிய பிரேட்சல் ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒன்று எனக்கென்றுதான் வாங்கினேன். இரண்டையும் இவரே சாப்பிட்டார். முட்டை சாண்ட்விச்சை நான் லுசேர்ணில் குப்பையில் போட்டேன்.

இவர் சொன்னபடி மீன் பால்கனியில் இருந்தது. அடுத்தநாள் பாதியை வெண்ணெயிலும் பாதியைப் புளிக்குழம்பிலும் செய்தேன். சான்டரின் சதை வெள்ளை, முள் குறைவு, வாசம் இல்லை. குழம்புக்குக் கொஞ்சம் சப்பென்றிருக்கும். அதற்குப் பொரியல்தான் சரி. படத்தைப் பார்த்துவிட்டு ரவி குரல்செய்தி அனுப்பினார்: "அண்ணை, கடைசியாப் பெரியப்பா மகனைக் கண்டாச்சு. கண்டதும் சரி, ஏன் படம் சரிஞ்சு கிடக்கு? ஆளும் சரிஞ்சு நிண்டோ எடுத்தது?" இவர் திரும்ப அனுப்பினார்: "இடக்கையால எடுத்தது. பிடிச்சதும் இடக்கையாலதான். உன்னால வலக்கையால ஏலுமோ எண்டு பார்." ஒரு நாள் கழித்துத்தான் ரவியின் பதில் வந்தது. வெறும் ஒரு கைகூப்பிய படம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அனுமதி, அதன் விலை, எந்த மாதங்களில் சான்டர் பிடிக்கக்கூடாது, குறைந்த அளவு என்ன, இவை கன்டோனுக்குக் கன்டோன், அதாவது மாநிலத்துக்கு மாநிலம், மாறும். சில இடங்களில் பாலத்துக்குப் பாலம் மாறும். நாங்கள் கொடுத்தது ஒரு நாளுக்கு முப்பது பிராங்குக்குக் கிட்ட. உங்களுக்கு அது கூடலாம், குறையலாம், போகுமுன் கேளுங்கள். நாள் அனுமதிக்குப் பரீட்சை அட்டை தேவையில்லை என்பார்கள். ஆனாலும் அந்த வகுப்பில் சொல்லித்தருவதைத் தெரியாமல் ஒருவரும் மீனைத் தொடாதீர்கள். கொல்லத் தெரியாதவர் பிடிக்கக்கூடாது என்பதில் இந்த நாட்டுச் சட்டத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. இடக்கைக்காரர்கள் சுற்றுப்பொறியின் கைப்பிடியை மறுபக்கம் மாற்றலாம், ஒரு திருகாணிதான். நல்ல பிடியுள்ள சப்பாத்து போடுங்கள். கூட வருபவர் ஒரு புத்தகம் கொண்டுபோகலாம், வாசிக்க முடியும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். விரதம், வெள்ளிக்கிழமை பார்க்கும் வீடு என்றால் நாட்காட்டியை ஒருதரம் புரட்டிவிட்டுச் சாப்பாடு கட்டுங்கள். கண்காணிப்பாளர் சமையலைப் பற்றிக் கேட்டால் வெண்ணெய் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவருடைய அட்டை இவருடைய பணப்பையிலேயே இருக்கிறது. ஒப்பந்தப்படி நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இன்று செப்டெம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்று. இவர் பிற்பகல் ரயிலில் ரைன்ஃபெல்டனுக்குத் தனியாகப் போனார். போய்ச் சேர்ந்ததும் ஒரு படம், திரும்ப வெளிக்கிடும்போது ஒரு படம், இடையில் நான் அழைக்கக்கூடாது. அது இவர் போட்ட நிபந்தனை. முதல் படம் வந்துவிட்டது. அதே கல்சுவர், அதே வட்டம் போடும் தண்ணீர், முழுக்க இடப்பக்கம் சரிந்து. அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இடையில் இரண்டு தரம் எழும்பிப் பால்கனிக்குப் போய் வந்தேன். ஐஸ் பெட்டி வைக்கும் இடத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது படம் இன்னும் வரவில்லை. வெளியே வெளிச்சம் மங்குகிறது. சான்டர் இப்போதுதான் கரைக்கு வரும். தொலைபேசி மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது, நான் அதைத் தொடவில்லை.